செப்புக் கம்பியும் அகலக்கற்றையும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய சென்னை மேற்குப் புறநகர் ஊர்களில் பல இல்லங்கட்கு விரைவு இணையத்தைக் கொணர்ந்தது, பேச்சுக்கென இடப்பட்ட தொலைபேசிக் கம்பியே ஆகும். பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் தன் அகலக்கற்றைப் பணியைத் தொடங்கியது. பழைய கம்பி இப்புதுத் தொழிலை எங்ஙனம் மேற்கொண்டது? ஒரே கட்டணம் செலுத்திய இரு வீடுகள் வெவ்வேறு விரைவு பெற்றமை ஏன்? இவ்வினாக்கட்கு விடை காண்பதே நம் நோக்கமாகும்.

தொலைபேசியில் மக்கள் குரலுக்குப் பயன்படுவது 300 முதல் 3400 ஹெர்ட்சு வரையுள்ள அலைவெண்களே. செப்புக் கம்பியோ இதனினும் பன்மடங்கு உயர்ந்த அலைவெண்களையும் சுமக்க வல்லது. வாளாகிடந்த அவ்விடத்தைப் பயன்கொண்டதே டி.எஸ்.எல். முறை. இதன் முதல் வகையில், ஏறத்தாழ 25 முதல் 138 கிலோஹெர்ட்சு வரை வீட்டிலிருந்து செல்லும் செய்திக்கும், அதற்குமேல் 1104 வரை வீட்டிற்கு வரும் செய்திக்கும் ஒதுக்கப்பட்டன. பின்வந்த வகை இவ்வெல்லையை 2208 வரை நீட்டியது. இங்ஙனம் அலைவெண் பரப்பு அகன்றமையின் 'அகலக்கற்றை' என்னும் தமிழ்ச்சொல் பொருத்தமுடையதே.

வீட்டில் பிரிப்பான் என்னும் சிறு கருவி குரலையும் செய்தியையும் வேறாக்கும். மோடம் கணினியின் எண்களை அலைகளில் ஏற்றியும் இறக்கியும் தரும். ஆதலின் பண்பேற்றி, பண்பிறக்கி என்னும் இரு பெயர்க்கும் அஃது உரியது. தொலைபேசி நிலையத்தில் உள்ள பெருங்கருவி, பல வீட்டுக் கம்பிகளையும் ஏற்று இணையத்தோடு கூட்டும்.

இனி, விரைவு வேறுபட்டமைக்குக் காரணம் கம்பியின் நீளமே. உயர்ந்த அலைவெண் செம்பில் விரைந்து தேய்வது. நிலையத்தின் அருகிலுள்ள வீடு கற்றை முழுதும் பெற, தொலைவிலுள்ள வீடு அதன் கீழ்ப்பகுதியை மட்டுமே பெறும். ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு அப்பால் பயன் அரிது. ஏரியும் இருப்புப்பாதையும் உள்ள அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் கம்பி தெருவழிச் சுற்றியே செல்லும். ஆதலின் நேர்த்தொலைவைக் கொண்டு விரைவை அளத்தல் பொருந்தாது. மழைக்காலத்தில் இணைப்புகளில் ஈரம் புகுதலும் இடையூறாகும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. 24 மெகாபிட் வரை இறக்கவல்ல வகையும் ஏற்றுவது ஏறத்தாழ 1 மெகாபிட்டே. இல்லத்தார் பெறுவோரேயன்றித் தருவோர் அல்லர் என்னும் கருத்து இவ்வமைப்பினுள் பொதிந்துள்ளது. 2020-இல் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டு, ஆசிரியர் தம் இல்லத்திலிருந்தே பாடம் நடத்த நேர்ந்தபோது, இக்குறை நன்கு புலனாயிற்று. ஒளியிழை இன்று செம்பின் இடத்தைப் பெற்று வருகிறது. அதனைப் பெறுவோர், இறங்கும் விரைவை மட்டுமன்றி ஏறும் விரைவையும் வினவித் தெளிதல் வேண்டும். கேட்போரின் வீடு சொல்வோரின் வீடாகவும் ஆதல் அதனாலன்றோ கைகூடும்.