புகைக்காதவரின் புகை

மூச்சு வாங்குகிறது என்று வைத்தியரிடம் போகும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி “புகைப்பீர்களா?” என்பது. “இல்லை” என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடுவதும் உண்டு. கேள்வி பிழையானதல்ல. நாட்பட்ட சுவாச அடைப்பு நோய்க்குக் கனடாவில் இன்றும் முதற் காரணம் சிகரெட்தான். ஆனால் ரொறொன்ரோவில் வாழும் எம்மவரின் சுவாசப்பைகளுக்கு இன்னுமொரு வரலாறு உண்டு. நாமாகச் சொன்னாலொழிய அது வைத்தியரின் குறிப்பேட்டில் ஏறாது.

அந்த வரலாறு ஊரின் அடுப்படியில் தொடங்குகிறது. இன்று எழுபது வயதைத் தாண்டிய எங்கள் அம்மாமார் பலர் பனை மட்டையையும் பொச்சு மட்டையையும் எரித்து, ஊதுகுழலால் ஊதி ஊதிச் சமைத்தவர்கள். 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் அரிதானபோது வடக்கில் விறகுப் புகை இன்னும் கூடியது. ஒரு சிகரெட்டையும் தொடாத பெண்களுக்கும் இந்தப் புகை அதே அடைப்பு நோயைத் தரும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட விடயம்.

இரண்டாவது அத்தியாயம் இங்கே நடந்தது. 1983க்குப் பின் வந்தவர்களில் பலர் உணவகக் குசினிகளில் கோப்பை கழுவினார்கள், எண்ணெய்ப் புகைக்குள் நின்று பொரித்தார்கள், இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார்கள், தொழிற்சாலைகளில் தூசுக்கும் வர்ண ஆவிக்கும் நடுவில் நின்றார்கள். சிலருக்கு ஒரே நாளில் இரண்டு வேலை.

உள்ளே நடப்பது என்ன? மூச்சுக்குழாய் கிளைவிட்டுக் கிளைவிட்டுக் கோடிக்கணக்கான சிறு காற்றறைகளில் முடிகிறது. தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கும் இல்லாத துகள்கள் அங்கு வரை போய்விடும். அவை படப்படக் குழாய்ச் சுவர் அழன்று தடிக்கிறது, சளி கூடுகிறது, காற்றறைகள் சிதைகின்றன. சிதைந்தவை மீண்டும் முளைப்பதில்லை. இருபத்தைந்து வயதளவில் உச்சத்தை அடையும் மூச்சுத்திறன், பின்னர் எல்லோருக்கும் மெல்ல மெல்லக் குறையும். புகையும் தூசும் அதை விரைவுபடுத்துகின்றன. கையிருப்பு நிறைய இருப்பதால் இழப்பு நெடுங்காலம் தெரிவதில்லை. தெரியும்போது “வயது போட்டுது”, “இந்த நாட்டுக் குளிர்” என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

அமெரிக்க, ஐரோப்பிய சுவாச மருத்துவச் சங்கங்கள் 2019இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, அடைப்பு நோயில் ஏறத்தாழ 14 சதவீதம் வேலைத்தலத்தால் வருவது என்று கணித்தது. புகைக்காதவர்களிடையே அது 31 சதவீதம். நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், துப்புரவு செய்துவந்த பெண்களின் மூச்சுத்திறன் மற்றப் பெண்களைவிட விரைவாகக் குறைந்திருந்தது. ஆண்களில் அந்த வேறுபாடு காணப்படவில்லை.

வேலையால் வரும் தொய்வுக்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. வேலை நாட்களில் இருமலும் இழுப்பும் கூடும், விடுமுறையில் தணியும். இதைக் கவனித்து எழுதி வைப்பது பெரிய உதவி. அடைப்பு நோயை அறிய ஸ்பைரோமெற்றி என்ற ஊதற் பரிசோதனை இருக்கிறது. மூச்சை நிறைய இழுத்து, ஒரு குழாயில் வேகமாக முழுவதையும் ஊதவேண்டும். நலமான ஒருவர் முதல் வினாடியிலேயே முக்கால் பங்களவை வெளியேற்றிவிடுவார். வலியில்லை, ஊசியில்லை. மார்பு எக்ஸ்றேயில் தெரியாத அடைப்பு இதில் தெரியும். கேட்டுப் பெறுங்கள்.

இருமலை மறைக்கும் பழக்கமும் எம்மிடம் உண்டு. கசம் என்று ஊர் கதைக்கும் என்ற பயம். கசம் மருந்தால் மாறும் நோய். ஒன்ராறியோவில் அதற்கான மருந்து இலவசம். மூன்று கிழமைக்கு மேல் நீடிக்கும் இருமலை எவரும் மறைக்கக் கூடாது.

வேலைத்தலத்தில் பாவிக்கும் இரசாயனங்களின் பாதுகாப்புத் தாளைப் பார்க்க ஒன்ராறியோத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. அதற்காகத் தண்டிப்பது சட்டவிரோதம். தொழில்நோய் என்று அறிந்தால், ஆறு மாதத்துக்குள் வேலைத்தலப் பாதுகாப்புக் காப்புறுதிச் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இவற்றைத் தனியாகக் கேட்கத் தயங்குபவர்கள் சேர்ந்து கேட்கலாம்.

வீட்டிலும் கவனிக்க இருக்கிறது. மாரியில் யன்னலை மூடிக்கொண்டு மிளகாய்த்தூளுக்கு வறுக்காதீர்கள். பிளீச்சையும் அமோனியா கலந்த திரவத்தையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். எழும் வாயு நச்சு. 2023 யூனில் வந்ததுபோலக் காட்டுத்தீப் புகை சூழும் நாட்களில் முதியோர் உள்ளே இருப்பது நல்லது. புகைப்பவர் எந்த வயதில் நிறுத்தினாலும் இழப்பின் வேகம் குறையும்.

அடுத்தமுறை வைத்தியரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை வருடம் விறகடுப்பு, எந்தெந்த வேலை, எத்தனை வருடம், எதைச் சுவாசித்தோம். “புகைப்பீர்களா?” என்ற கேள்விக்கு எம்மில் பலரின் முழுமையான பதில் அந்தத் தாளில்தான் இருக்கிறது.