கண்ணாடியில் ஒரு கோலம்

வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் நாம், அண்டை வீட்டாரின் திருமணத்திற்கோ புதுமனை புகுவிழாவிற்கோ எதைப் பரிசாகக் கொண்டு செல்வது என்று தயங்குவதுண்டு. சாதாரணக் கண்ணாடிக் குவளை ஒன்றில் நம் கையாலேயே சித்திரம் பொறித்துக் கொடுத்தால், அதைப் போன்ற இன்னொன்று எந்தக் கடையிலும் இராது. ஆக்ராவுக்கு அண்மையிலுள்ள பிரோசாபாத்தில் செய்யப்படும் கண்ணாடிச் சாமான்களை வடநாட்டில் வாழும் நம்மவர் நன்கறிவர்.

கண்ணாடியில் சித்திரம் பொறிக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, திராவகத்தால் அரிப்பது. கந்தகத் திராவகத்தைக்கூடக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைக்கலாம். ஹைட்ரோபுளோரிக் திராவகமோ கண்ணாடியிலுள்ள சிலிக்காவையே அரித்துவிடும். ஆலைகளில் இது பயன்படுகிறது. இல்லத்தில் இதற்கு இடமே இல்லை என்பது நம் உறுதியான கருத்து. தோலில் பட்டவுடன் எரிச்சல் தோன்றாமலும் போகலாம். சில மணி நேரம் சென்ற பின்னரே வலி எழலாம். அதற்குள் அது தசைக்குள் ஊடுருவி, உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொண்டு, இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். கடைகளில் விற்கும் அரிப்புப் பசைகள் பலவற்றில் அமோனியம் பைபுளோரைடு முதலிய புளோரைடு உப்புகள் உள்ளன. அவையும் இதே இனத்தைச் சேர்ந்தவையே. குழந்தைகள் நடமாடும் வீட்டில் அவற்றை வாங்கி வைக்காதிருப்பதே நன்று. தவறிப் பட்டுவிட்டால் ஏராளமான நீரில் கழுவிவிட்டு, வலி இல்லையென்றாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மற்றொரு வழி, கூர்முனையால் கீறுவது. மோஸ் அளவையில் கண்ணாடியின் கடினம் ஏறக்குறைய 5.5, வைரத்தினுடையது 10. ஆகவே வைரத்துகள் பதித்த முனையுள்ள சிறு ஊசி ஒன்று போதும். சித்திரத்தைத் தாளில் வரைந்து, குவளையின் உட்புறம் ஒட்டிவிட்டு, வெளிப்புறத்தில் அக்கோடுகளின்மேல் மெல்லக் கீற வேண்டும். அழுத்த வேண்டியதில்லை, ஒரே கோட்டைப் பலமுறை இழுத்தால் போதும். கண்ணாடித் தூள் மூச்சில் கலவாதபடி கீறும் இடத்தை ஈரமாக வைத்துக்கொள்வதும், கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அணிவதும் இன்றியமையாதவை. ஈரத்தில் கோடுகள் மங்கித் தோன்றும். சொரசொரப்பான பரப்பு ஒளியைச் சிதறச் செய்வதால்தான் கீறல் வெண்மையாகத் தெரிகிறது. நீர் அப்பள்ளங்களை நிரப்பியதும் அவ்வெண்மை குறைகிறது. அவ்வப்போது துடைத்துப் பார்த்தே மேலே செல்ல வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டுக் கலைஞர் பிரான்ஸ் கிரீன்வுட், கோடுகளைத் தவிர்த்து, வைரமுனையால் புள்ளிகளை மட்டும் குத்தியே உருவங்களை அமைத்தார். புள்ளிகள் நெருங்கிய இடம் ஒளியாகவும், விலகிய இடம் நிழலாகவும் தோன்றும். தாளில் மையால் எழுதுவோர் நிழலை வரைகிறார்கள். இங்கே ஒளியை வரைய வேண்டும். சாணம் மெழுகிய தரையில் வெண்மாவால் கோலமிட்டுப் பழகிய நம் பெண்டிருக்கு இது புதிதன்று. அவர்கள் ஐந்து புள்ளிச் சிக்குக்கோலம் ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

முதலில் பழைய ஊறுகாய்ப் புட்டியில் பழகுவோம். வெப்பத்தால் பதப்படுத்தி வலுவூட்டிய கண்ணாடியைத் தொட வேண்டா. கீறல் ஆழமானால் அது தூள்தூளாகச் சிதறிவிடும். சாதாரணக் கண்ணாடியும் கீறலால் வலுவிழக்கும் என்பதை 1921இல் ஆங்கிலப் பொறியியலறிஞர் கிரிபித் விளக்கினார். எனவே சித்திரத்தை விளிம்பிலிருந்து ஒரு விரற்கடையேனும் தள்ளியே அமைக்க வேண்டும். பரிசு கொடுக்கும்போது, கொதிக்கும் காப்பியை இதில் ஊற்ற வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம்.