இரவு வானுக்கு எவ்வளவு அகன்ற கண்கள்?

நீட்டிய விரலை வலக்கண்ணாலும் இடக்கண்ணாலும் மாறி மாறி நோக்கினால், அது பின்புலத்தின்மேல் இடம்பெயர்வதாகத் தோன்றும். பள்ளி நூல்கள் இதனை 'இடமாறு தோற்றப் பிழை' என்கின்றன. அளவுகோலைச் சாய்வாகப் பார்த்துப் படிப்பவருக்கு இது பிழையே. முப்பரிமாண ஒளிப்படம் எடுப்பவருக்கோ இதுவே மூலதனம்.

நம் கண்களின் இடைவெளி ஏறத்தாழ 6.5 செ.மீ. எதிரே இருப்பவரின் முகத்தின் ஆழத்தை உணர இது போதும், வானத்திற்குப் போதாது. எனவே இரு ஒளிப்படக் கருவிகளை விலக்கி வைத்தல் வேண்டும். மிக அருகிலுள்ள பொருளின் தொலைவில் முப்பதில் ஒரு பங்கு இடைவெளி என்பது இத்துறையில் வழங்கும் பொதுவிதி. முன்னே 30 மீட்டரில் மரம் ஒன்று இருப்பின் இடைவெளி 1 மீட்டர்; வானம் அதன்பின் தட்டையாகவே தோன்றும். தலைக்கு மேல் 90 கி.மீ. உயரத்தில் ஒளிரும் எரிமீன் மட்டுமெனில் 3 கி.மீ.; இரு கருவிகளும் ஒரே கணத்தில் படமெடுக்க வேண்டும்.

நிலவின் சராசரித் தொலைவு 384,400 கி.மீ. அதில் முப்பதில் ஒரு பங்கு ஏறத்தாழப் புவியின் விட்டமே. நிலவு எழும் இடத்திலும் மறையும் இடத்திலும் ஒரே கணத்தில் நிற்கும் இருவர், புவியின் இரு கண்களாவர். ஆயினும் அவ்விரு படங்களில் நிலவு தன் அகலத்தைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் விண்மீன்களிடையே இடம்பெயர்ந்திருக்கும். பரந்த காட்சிக்கு இது பொருந்தும். குறுகிய பரப்பைப் பெரிதாக்கும் வில்லைக்கு மிகையாகும். அங்கு இடைவெளியைக் குறைத்தல் வேண்டும்.

நிலவின் உருண்டை வடிவைக் காட்ட வேறொரு வழியும் உண்டு. நிலவு ஒரே முகத்தைக் காட்டினும் சற்றே அசைந்தாடுகிறது. அவ்வசைவைப் பயன்படுத்தி, வெவ்வேறு நாள்களில் ஒரே பிறையளவில் எடுத்த படங்களை 1850களில் வாரன் டி லா ரூ இணைத்துக் காட்டினார். 2020இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் ஏறத்தாழ 700 கோடி கி.மீ. தொலைவிலிருந்து படமெடுத்தபோது, பிராக்சிமா சென்டாரி என்னும் விண்மீனே இடம்மாறித் தெரிந்தது.

1838இல் பெசல் ஒரு விண்மீனின் தொலைவைக் கணித்ததும் இவ்விடமாற்றத்தாலேயே. ஆழத்தை உணர்த்தும் இயல்பைப் 'பிழை' எனப் பயிலும் மாணவர், அதனைக் களையவே முற்படுவார், பயன்கொள்ள எண்ணார். ஆகவே, பொதுக் கலைச்சொல்லாக 'இடமாறு தோற்றம்' நிலைபெறட்டும். பிழை, அளவுகோலைச் சாய்ந்து பார்ப்பவரோடு நிற்கட்டும்.