பூனைக்குக் காய்ச்சலா? உங்கள் மாத்திரை டப்பாவை மூடுங்கள்!

"ராத்திரியிலிருந்து சாப்பிடலை டாக்டர். தொட்டுப் பார்த்தா உடம்பு சுட்டுது. பாராசிட்டமால்ல பாதி குடுத்தேன்..."

பூனை வளர்ப்பவர்களிடமிருந்து கால்நடை மருத்துவர்கள் கேட்கவே கூடாத வார்த்தைகள் இவை. ஆனால், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பூனையின் உடம்பு எப்போதுமே நம் கைக்குச் சூடாகத்தான் தெரியும். ஆரோக்கியமான பூனைக்கே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். இல்லாத காய்ச்சலுக்குக் கொடுக்கும் மாத்திரை, உயிரையே எடுத்துவிடுகிறது.

பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் நொதி மனிதக் கல்லீரலில் போதுமான அளவு இருக்கிறது. பூனைக்கு அது மிகக் குறைவு. மருந்து நஞ்சாக மாறி ரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்க, அவற்றால் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. சில மணி நேரத்தில் ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும். குழந்தைகளுக்கான சிரப் என்றாலும் இதே ஆபத்துதான். பூனைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. தெரியாமல் கொடுத்துவிட்டீர்களா? அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மாற்று மருந்து இருக்கிறது. சீக்கிரம் போனால்தான் அது பலிக்கும்.

ஆபத்து மாத்திரையோடு முடியவில்லை. ஃபினாயில் போட்டுத் துடைத்த ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பூனை பாதத்தை நக்கும். அந்த நஞ்சையும் அதன் கல்லீரலால் முறிக்க முடியாது. நாயின் உண்ணிக்கு வாங்கிய பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனை முதுகில் விட்டால் வலிப்பு வந்துவிடும்.

'பாட்டி வீட்டுப் பூனைகள் எந்த டாக்டரைப் பார்த்தன?' என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பூனைகளுக்கு யாரும் மாத்திரையும் கொடுக்கவில்லையே!

கடுவன் பூனை மண் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறதா? மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள். சிறுநீர் அடைப்பாக இருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும், இரவானாலும் மருத்துவமனைதான். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலும் தள்ளிப்போடக் கூடாது. பட்டினி நீண்டால், குறிப்பாகக் குண்டுப் பூனைகளுக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். மருத்துவரைப் பார்க்க நோய் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்; குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும்.

மருத்துவரிடம் பேசும்போது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது சிறுநீர் போனது, எத்தனை கிலோ எடை என்பதையெல்லாம் சொல்லுங்கள். வீட்டில் எந்த மருந்து கொடுத்திருந்தாலும், திட்டுவாரோ என்று பயந்து மறைக்காதீர்கள். அந்த ஒரு தகவலை வைத்துத்தான் அவர் சிகிச்சையையே தீர்மானிப்பார்.

மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'பூனைக்கு' என்று யாராவது காய்ச்சல் மாத்திரை கேட்டால் தராதீர்கள்; கால்நடை மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள். பூனை வளர்ப்பவர்கள், இரவிலும் ஃபோனை எடுக்கும் ஒரு மருத்துவமனையின் எண்ணை இன்றே வாங்கி மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டிவையுங்கள். அவசரத்தில் கை போகும் இடம் அதுதான். திறப்பதற்கு முன் எண் கண்ணில் படட்டும்.