கழுத்துப் பிடிப்பு: காரணமும் சிகிச்சையும்

காலையில் கண் விழித்தவுடன் கழுத்தைத் திருப்ப இயலாது தவித்த அனுபவம் பலருக்கு இருக்கும். சுளுக்கு என்று கூறித் தைலம் தடவுவோர் உளர். முடி திருத்துவோரிடம் தலையைக் கொடுத்து நெட்டி எடுத்துக்கொள்வோரும் உளர். முன்னதால் பெருந்தீங்கில்லை. பின்னது அவ்வாறன்று.

மனிதன் கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் எண்ணிக்கை அதுவே. சுமார் 5 கிலோகிராம் எடையுள்ள தலையை இவ்வெலும்புகளும், அவற்றைச் சூழ்ந்த தசைகளும் தாங்குகின்றன. தலை நிமிர்ந்திருக்கையில் எடை எலும்புகளின் மீது நேராக இறங்குகிறது. கணக்கேட்டையோ தையல் இயந்திரத்தையோ கைபேசியையோ நோக்கிக் குனிந்திருக்கையில், முன்னே சாயும் தலையைப் பிடரித் தசைகளே இழுத்துப் பிடிக்க நேர்கிறது. மணிக்கணக்கில் இந்நிலை நீடித்தால் அவை களைத்து இறுகுகின்றன. உயர்ந்த தலையணை, உறக்கக் குறைவு, மனக்கவலை ஆகியவையும் வலியை வளர்ப்பன.

நடுவயதைக் கடந்தோர் எக்ஸ்ரே படத்தில் எலும்புத் தேய்மானம் கண்டு அஞ்சுவதுண்டு. வலியே அறியாதார் பலரின் படங்களிலும் அத்தேய்மானம் காணப்படும். அது பெரும்பாலும் நரையைப் போன்றதே.

சாதாரணப் பிடிப்பு சில நாட்களிலோ வாரங்களிலோ தணிந்துவிடும். வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். வலி பொறுக்கும் அளவிற்குக் கழுத்தை மெல்ல நாற்புறமும் அசைத்து வருதலே சிறந்த மருந்து. முன்பு வாரக்கணக்கில் கழுத்துப்பட்டை அணிவிப்பது வழக்கம். அதனால் தசைகள் நலிவது தெரிந்தபின் இவ்வகை வலிக்கு அம்முறை பெரிதும் கைவிடப்பட்டது.

நெட்டி எடுப்பதன் ஆபத்து யாது? கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகளின் வழியே இரு தமனிகள் மூளைக்கு ஏறுகின்றன. தலையை வெடுக்கென்று முறுக்குகையில், அரிதாகவேனும், தமனியின் உட்சுவர் கிழிந்து, அங்கே குருதி உறைந்து, பக்கவாதம் நேரலாம். ஒரு கணச் சுகத்திற்கு இது மிகையான விலை.

காய்ச்சலும் கடுந்தலைவலியும் கூடி, மோவாயை மார்பை நோக்கித் தாழ்த்த இயலாவண்ணம் கழுத்து விறைத்தால், அது மூளையுறை அழற்சியாக இருக்கலாம். அன்றே, அக்கணமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கை மரத்துப் பிடி தளர்வதும், நடை தடுமாறுவதும் தண்டுவடம் நெருக்குண்டதன் அறிகுறிகளாகலாம். இவற்றிற்கும் தாமதம் கூடாது. மரத்திலிருந்தோ வாகனத்திலிருந்தோ விழுந்தவரின் கழுத்தையோ, நிமிர்த்துவதும் திருப்புவதும் ஆகாது. மருத்துவ உதவி வரும்வரை தலையை இருந்த நிலையிலேயே அசையாமல் தாங்கியிருத்தல் வேண்டும்.