எவர்சில்வர் பால் கேனுக்கு ஆர்கான் வெல்டிங்: வீட்டிலேயே பழகலாம்

எவர்சில்வர் பால் கேனின் அடித்தையல் விட்டுப் போனால் சிறு விவசாயிக்குப் பெரிய தொல்லை. உள்ளூரில் சாதா ஆர்க் வெல்டிங் அடிப்பவரிடம் கொடுத்தால், ஒரு மில்லிமீட்டர் தகட்டில் ராடு பட்டதும் ஊசிமுனை ஓட்டை விரல் நுழையும் ஓட்டையாகி விடுகிறது. ஈயப்பற்று வைத்து அடைத்தாலோ, ஈயம் பாலில் கலக்கும் ஆபத்து உண்டு. டவுனுக்கு எடுத்துப் போனால் கேட், கிரில் வேலைகளுக்கு நடுவே நம் கேன் இரண்டு நாள் மூலையில் கிடக்கும். அந்த இரண்டு நாளும் பாலை எதில் ஊற்றிச் சங்கத்துக்குக் கொண்டு போவது?

இந்த வேலைக்கு ஏற்றது, பட்டறைகளில் 'ஆர்கான் வெல்டிங்' என்று சொல்லப்படும் டிக் வெல்டிங். சம்பளத்துக்காக அன்றி, ஆசைக்காகவும் சொந்த உபயோகத்துக்காகவும் இதைப் பழகுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இரண்டு சவர பிளேடுகளை ஓட்டை விழாமல் ஒட்டிக் காட்டுவது அவர்களுக்குள் ஒரு பந்தயம். பிளேடை ஒட்டும் கைக்குப் பால் கேன் எளிது.

1941-ல் அமெரிக்காவில் நார்த்ராப் விமானக் கம்பெனியைச் சேர்ந்த ரஸ்ஸல் மெரிடித் இம்முறையை உருவாக்கினார். எளிதில் தீப்பற்றும் மக்னீசியத் தகடுகளைப் பற்றவைக்க அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. டார்ச்சின் நுனியில் உள்ள டங்ஸ்டன் ஊசி 3,400 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல்தான் உருகும். ஆகவே அது கரையாமல் நின்று தீப்பொறியை மட்டும் கொடுக்கிறது. உருகிய இடத்தைக் காற்றுப் படாமல் வாயு மூடிக் காக்கிறது. மெரிடித் ஹீலியம் பயன்படுத்தினார். நம் பட்டறைகளில் ஆர்கான். தேவையான உலோகத்தை இன்னொரு கையால் கம்பியாக ஊட்ட வேண்டும். தையல் மெஷின் ஓட்டுவது போல, இரண்டு கையும் சேர்ந்து பழகினால்தான் வேலை வரும்.

மெஷின் வாங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குறைந்த விலையில் வரும் இன்வெர்ட்டர் மெஷின்கள் பெரும்பாலும் டி.சி. மட்டும் தருபவை. அவற்றில் இரும்பும் எவர்சில்வரும் அடிக்கலாம். அலுமினியம் அடிக்க இயலாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோலோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். தோல் உருகுவதற்குள் உள்ளே இருப்பது கரைந்து ஒழுகி விடும். தோலை உரிக்க ஏ.சி. கரண்ட் தரும் மெஷின் வேண்டும். அதன் விலை அதிகம். அலுமினியக் கேன் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்காமல் மெஷினை வாங்கிப் பணத்தை முடக்கிக்கொள்ளக் கூடாது.

கரண்ட் செலவு பலர் நினைப்பதைவிடக் குறைவு. ஒரே 80 ஆம்பியர் வைத்தால், ராடு வெல்டிங்கின் தீப்பொறியில் சுமார் 23 வோல்ட்டும் ஆர்கானில் சுமார் 13 வோல்ட்டும்தான் நிற்கும். சிங்கிள் பேஸ் இணைப்பே போதும். ஆனால் பம்ப்செட்டுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரத்தில் வெல்டிங் மெஷினை ஓட்டுவது விதிமீறல்.

உண்மையான செலவு வாயுவில்தான். 47 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் சுமார் 7,000 லிட்டர் ஆர்கான் அடங்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் விட்டால் 14 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். 10 லிட்டர் சிறு சிலிண்டர் என்றால் மூன்று மணி நேரம். ஒரு வீட்டுக்கு மட்டும் இதை வாங்கி வைப்பது கட்டுப்படியாகாது என்பதே எம் கருத்து. கறவை மாடு வைத்திருக்கும் நாலைந்து பேர் கூட்டாக வாங்கி, அவர்களில் கை நிதானம் உள்ள ஒருவர் பழகிக்கொள்வது சிக்கனம்.

பழகுவதற்கு முதலில் கேனை எடுக்க வேண்டாம். இரண்டு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டுத் துண்டுகளை எடுத்து, மேலே உள்ள கருஞ்செதிலையும் துருவையும் கிரைண்டரால் பளிச்சென்று எடுத்துவிட வேண்டும். அழுக்கை ராடு ஓரளவு பொறுத்துக்கொள்ளும்; ஆர்கான் பொறுக்காது. டங்ஸ்டன் ஊசியைப் பென்சில் போல் கூராக்க வேண்டும். சாணைக் கீறல்கள் நீளவாக்கில் இருக்க வேண்டும். குறுக்கே கீறினால் தீப்பொறி அலையும். சிவப்பு நுனி டங்ஸ்டனில் கதிரியக்கமுள்ள தோரியம் சிறிது இருப்பதால், அதன் சாணைத் தூளைச் சுவாசிப்பது நல்லதல்ல. பொன்னிற நுனியோ நீல நுனியோ கேட்டு வாங்கலாம்.

இரும்புக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 40 ஆம்பியர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். எவர்சில்வருக்குச் சற்றுக் குறைக்க வேண்டும். முதலில் கம்பியே இல்லாமல், உருகிய சிறு குளத்தை ஒரே அகலத்தில் நகர்த்திப் பழகவும். ஊசிக்கும் தகட்டுக்கும் இடைவெளி ஊசியின் கனத்துக்கு மேல் போகக் கூடாது. மணிக்கட்டை ஏதாவது ஒரு கட்டையின் மேல் ஊன்றினால் கை நடுங்காது. குளம் கைக்கு அடங்கிய பிறகு கம்பியைத் தொட்டுத் தொட்டு ஊட்டலாம். கம்பியை விரலிடுக்கில் தள்ளிக்கொண்டே வரும் பழக்கத்துக்கு மெஷின் தேவையில்லை. மாலையில் திண்ணையில் உட்கார்ந்தபடியே பழகலாம்.

ஊசி குளத்தில் பட்டுவிடுவது தொடக்கத்தில் எல்லோருக்கும் நேரும். அதே முனையில் தொடர்ந்து அடிப்பது வீண்வேலை. நிறுத்தி, மறுபடி சாணை பிடிக்க வேண்டும். அடித்த துண்டைப் பட்டறைப் பிடியில் வைத்துச் சுத்தியலால் மடக்கிப் பாருங்கள். பார்வைக்கு அழகான தையல் படக்கென்று பிளந்தால், சூடு அடியில் இறங்கவில்லை என்று பொருள். மூலை இணைப்பில் தொடங்கி, தகடுகளை நேருக்கு நேர் வைக்கும் இணைப்புக்குக் கடைசியில் வரலாம்.

இனி கேன். 304 ரக எவர்சில்வருக்கு 308எல் கம்பியும், 1.6 மில்லிமீட்டர் ஊசியும் சரியாக இருக்கும். இரும்பில் தேய்த்த கம்பிப் பிரஷை இதில் தேய்க்கக் கூடாது; பிறகு அங்கே துரு பிடிக்கும். முக்கியமானது உட்புறம். வெளியே நாம் வாயு விடுகிறோம். உள்ளே காற்று இருந்தால் தையலின் அடிப்பக்கம் கரகரவென்று கருத்துப் பொரிந்து நிற்கும். அந்தச் சொரசொரப்பில் பால் தங்கி, எவ்வளவு கழுவினாலும் கிருமி வளரும். அடுத்து ஊற்றும் பாலும் கெடும். ஆகவே கேனைப் படுக்க வைத்து, வாயை டேப்பால் மூடி, இன்னொரு குழாயால் உள்ளேயும் ஆர்கானைச் செலுத்த வேண்டும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. குழாய் அடியிலும், காற்று வெளியேறும் சிறு துளை மேலேயும் இருக்கட்டும். தையல் வைக்கோல் நிறத்திலோ பொன்னிறத்திலோ இருந்தால் நல்லது; சாம்பல் நிறமானால் சூடு அதிகம். அடித்து முடித்ததும் டார்ச்சை உடனே எடுத்துவிடாமல், ஏழெட்டு விநாடி வாயு அங்கேயே வீசட்டும். பிறகு உட்புறத்தை வழவழப்பாகத் தேய்த்து, தண்ணீர் நிரப்பி ஒழுக்குப் பார்க்க வேண்டும்.

ஆடிக் காற்றில் திறந்தவெளியில் அடித்தால் வாயு பறந்துவிடும். தட்டி கட்டி மறைக்கவும். அதற்காகக் கிணற்றுக்குள்ளோ, சாண எரிவாயுக் குழிக்குள்ளோ இறங்கி ஆர்கானைத் திறக்கக் கூடாது. கனமான வாயு அடியில் தேங்கி, வாசனை எதுவும் காட்டாமலே மூச்சை நிறுத்திவிடும். டீசல் டேங்க், பூச்சிமருந்து டின் இவற்றின் மேல் தீப்பொறி வைக்கவே வேண்டாம். ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சை நீக்காமல் அடித்தால் புகையால் காய்ச்சல் வரும். இந்த வெளிச்சத்தில் புகை குறைவு என்பதால் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். கண்ணுக்கு 10-ம் எண் கறுப்புக் கண்ணாடியும், உடம்புக்கு முழுக்கைப் பருத்திச் சட்டையும் அவசியம். இரவில் கண்ணில் மணல் கொட்டியது போல் உறுத்தினால், கைவைத்தியமாக எதையும் ஊற்றாமல் டாக்டரிடம் போகவும்.

திருச்சி பி.எச்.இ.எல்.-லில் 1975-ல் அமைக்கப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் பயிற்சி அளித்து வருகிறது. ஐ.டி.ஐ.-யில் வெல்டர் படிப்பு ஓராண்டு. சிறு விவசாயிக்கு இவ்வளவு காலம் ஒதுக்க முடியாது. ஆர்கான் மெஷின் உள்ள ஒரு பட்டறைக்காரரிடம், வாயுவுக்கு ஆகும் காசைக் கொடுத்துவிடுவதாகப் பேசிக்கொண்டு, தகட்டுத் துண்டுகளுடன் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து பார்க்கலாம். மெஷின் வாங்குவதை அதற்குப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.