குட்டி யானைக்கு முதல்ல எதைச் செய்யணும்? 60,000 ரூபாய் போனஸுக்கு ஒரு வரிசைக் கணக்கு

நீங்க சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கறீங்க. ஊர்ல, கடலூர் முதுநகர் பக்கமோ சிதம்பரம் பக்கமோ, அண்ணனோ அப்பாவோ ஒரு பிக்கப் வண்டி ஓட்டுறாங்க. டாடா ஏஸ், தோஸ்த், பொலேரோ பிக்கப், எதுவா வேணா இருக்கட்டும். போனஸ் வந்ததும் வீட்ல இருந்து ஒரு லிஸ்ட் வரும்: டயர், அலாய் வீல், எல்இடி பார், மியூசிக் சிஸ்டம், பாடி வேலை, முன்னாடி ஒரு கம்பி பம்பர். எல்லாமே "முக்கியம்"தான். கையில இருக்கிறது 60,000.

வீடியோவில் இதைச் சுருக்கமாச் சொன்னேன். இங்கே கணக்கோட பார்ப்போம்.

முதல்ல ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்க

கடன் கொடுக்கிறவங்க பே ஸ்லிப் கேட்பாங்க. அண்ணன்கிட்ட அது இருக்காது, உங்ககிட்ட இருக்கும். அதனால பல வீடுகள்ல கடனும் ஆர்.சி.யும் சம்பளக்காரர் பேர்ல, ஸ்டியரிங் அண்ணன் கையில. இந்த ஏற்பாட்டுல மூணு விஷயம் ஒளிஞ்சிருக்கு.

ஒண்ணு, வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லாத நாள்ல விபத்து நடந்து யாராவது இறந்துட்டா, நஷ்டஈடு கட்ட வேண்டிய பொறுப்பு ஆர்.சி.யில் பேர் இருக்கிறவருக்கும் வரும். அதாவது உங்களுக்கு.

ரெண்டு, பாலிசியில் இருக்கும் 15 லட்ச ரூபாய் "ஓனர்-டிரைவர்" விபத்துக் காப்பீடு வண்டியின் பதிவுபெற்ற உரிமையாளருக்கு மட்டும்தான். ஆர்.சி. உங்க பேர்ல இருந்து அண்ணன் ஓட்டினா, அந்த 15 லட்சம் அண்ணனுக்குக் கிடையாது. தினமும் ரோட்ல இருக்கிற மனுஷனுக்கே கவர் இல்லை! அவர் பேர்ல தனியா ஒரு விபத்துக் காப்பீடு எடுங்க. குறைஞ்சபட்சம் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவுல இன்னைக்கே சேருங்க. வருஷத்துக்கு 20 ரூபாய், 2 லட்சம் கவர், 18 முதல் 70 வயசு வரை. இந்த லிஸ்ட்லயே மலிவான "அப்கிரேடு" இதுதான்.

மூணாவது வரி. அதைக் கடைசியில சொல்றேன்.

இன்ஷூரன்ஸ், எஃப்.சி. ரெண்டும் தேதி தாண்டாம இருந்தாத்தான் மேல படிக்கணும். எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி., அதுக்கப்புறம் வருஷா வருஷம். இந்தச் செலவை போனஸ்ல எடுக்காதீங்க. வண்டி வருமானத்துல மாசாமாசம் ஒதுக்கி வைக்கணும்.

நாலு கேள்வி, இதே வரிசையில

1. இது இல்லன்னா யாராவது சாக வாய்ப்பு இருக்கா?
2. இப்ப செய்யாம விட்டா அடுத்த வருஷம் செலவு ரெண்டு மடங்கு ஆகுமா?
3. இது மாசம் எவ்வளவு கூடுதலாச் சம்பாதிச்சுத் தரும்?
4. ஆசையா?

நாலாவது தப்பே கிடையாது. ஆனா அது நாலாவதுதான்.

முதல் கேள்வி: டயர், பிரேக், லைட்

கடலூர்–சிதம்பரம் ரோட்ல விடியக்காலையில மீன் லோடோட போற வண்டிக்கு நிக்கிறதுதான் முதல் வேலை. டயர் பள்ளத்துக்குள்ள ஒரு சின்ன மேடு இருக்கும், அதுதான் தேய்மான அடையாளம். ரப்பர் தேய்ஞ்சு அந்த மேட்டோட சமமாயிட்டா 1.6 மி.மீ.தான் பாக்கின்னு அர்த்தம். அதுக்கு மேல ஓட்டக்கூடாது. மழை ரோட்ல அதுக்கு முன்னாடியே மாத்துறது நல்லது. கம்பெனி சொன்ன அதே சைஸ்தான் போடணும்.

பிரேக் லைனர், வைப்பர், பின்னாடி லைட், ஒளிரும் ஸ்டிக்கர். பார்க்க ஒண்ணும் கெத்தா இருக்காது. ஆனா ராத்திரி ஓரமா நிக்கிற வண்டியைப் பின்னாடி வர்ற பஸ்காரருக்குக் காட்டுறது அந்த ஸ்டிக்கர்தான்.

ரெண்டாவது கேள்வி: துரு

நம்ம ஊர்ல இதுக்குத் தனி இடம் உண்டு. கடல் காத்து ஒரு பக்கம், மீன் பெட்டியில இருந்து வடியிற ஐஸ் தண்ணியும் உப்பும் இன்னொரு பக்கம். லோடு தட்டுல இன்னைக்கு ஒரு சின்ன ஓட்டை இருந்தா பேட்ச் அடிச்சு, ஷீட் போட்டு, பெயின்ட் அடிச்சு முடிச்சிடலாம். ரெண்டு மழைக்காலம் விட்டீங்கன்னா தட்டையே மாத்தணும். எஃப்.சி.க்குப் போறப்பவும் அங்கதான் கை வைப்பாங்க. ஒவ்வொரு மீன் லோடுக்கு அப்புறமும் நல்ல தண்ணியில கழுவுற பழக்கத்துக்குச் செலவே கிடையாது.

மூணாவது கேள்வி: எத்தனை மாசத்துல திரும்பி வரும்?

செலவை மாதக் கூடுதல் வருமானத்தால வகுங்க, அவ்வளவுதான். உதாரணத்துக்கு ஐஸ் தாங்குற மீன் பெட்டி 12,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். அதனால வாரம் ரெண்டு டிரிப் கூடுதலா, டீசல் போக டிரிப்புக்கு 400 ரூபாய் நின்னா, மாசம் சுமார் 3,200. நாலு மாசத்துக்குள்ள காசு திரும்பி வந்துடும்.

ஆனா எப்ப வாங்குறீங்கங்கிறதும் முக்கியம். நம்ம கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் லோடும் சுருங்கிடும். மார்ச்ல பெட்டி வாங்கினா ரெண்டு மாசம் அது சும்மா கிடக்கும். ஜூன்ல வாங்கினா தீபாவளிக்கு முன்னாடியே காசு எடுத்துடலாம். வண்டி சும்மா நிக்கிற அந்த 61 நாள்தான் பாடி வேலைக்கு நல்ல நேரம், வாடகை இழப்பு குறைவு. டயர், வைப்பர், தார்ப்பாய் மூணும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி, செப்டம்பருக்குள்ள முடியணும்.

காசு கொடுத்து ஃபைன் வாங்காதீங்க

"பின்னாடி ஸ்பிரிங்ல ஒரு பிளேட் கூட்டிட்டா ஒண்ணரை டன் ஏத்தலாம்"னு ஒருத்தர் சொல்வார். ஸ்பிரிங் தாங்கும். ஆனா பிரேக், ஆக்சில் ரெண்டும் அதே பழசுதான். சுமார் 750 கிலோவுக்குச் செஞ்ச ஏஸ், ஸ்பிரிங் கூட்டினதால பெரிய வண்டி ஆயிடாது. ஆர்.சி.யில இருக்கிற எடையும் மாறாது. ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆவது பிரிவுல 20,000 ரூபாய் அபராதம், அதுக்கு மேல டன்னுக்கு 2,000.

கம்பி பம்பர் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பர்லயே மாநிலங்களுக்கு எழுதியாச்சு. கேரளாவில இருந்து போன ஒரு வழக்குல, கம்பெனி கொடுத்த அசல் வடிவமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில தீர்ப்பு சொல்லிச்சு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டுமே விதிக்கலாம். மூடின பாடி கட்டணும்னா முதல்ல ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யில பதிஞ்சு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுங்க.

60,000 ரூபாய்க்கு ஒரு மாதிரிக் கணக்கு

விலையை உங்க வண்டிக்கு, உங்க ஊர் கடையில கேட்டு மாத்திக்குங்க. வரிசையை மாத்தாதீங்க.

- நாலு டயர்: 18,000
- பிரேக் வேலை: 6,000
- லைட், வைப்பர், ஒளிரும் ஸ்டிக்கர்: 3,000
- தட்டு பேட்ச், ஷீட், பெயின்ட்: 11,000
- தார்ப்பாய், கயிறு: 4,000
- டிரைவர் சீட் குஷன்: 3,000

மொத்தம் 45,000. மீதி 15,000-ஐத் தொடாதீங்க. கிளட்ச் எந்த மாசம் போகும்னு யாருக்கும் தெரியாது, தடைக்காலத்துல இ.எம்.ஐ.யும் நிக்காது. மீன் பெட்டியை அடுத்த சீசன்ல வண்டி சம்பாதிச்ச காசுலயே வாங்கலாம். மியூசிக் சிஸ்டம் அதுக்கப்புறம்.

சீட் குஷன் எதுக்குன்னு கேட்பீங்க. தினமும் பத்து மணி நேரம் உக்கார்ற முதுகு அது. அது போச்சுன்னா வண்டி நிக்கும், வீடும் நிக்கும்.

இதுக்காக கிரெடிட் கார்டுல தேய்க்காதீங்க. பாக்கியைக் கட்டாம விட்டா வட்டி பொதுவா மாசத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல. எந்த டயரும் அந்த வட்டியைச் சம்பாதிச்சுத் தராது.

இப்ப அந்த மூணாவது விஷயம்

வருமான வரிச் சட்டத்தின் உத்தேச வருமான முறைப்படி, பத்து வண்டிக்கு மேல இல்லாத உரிமையாளர், சின்ன சரக்கு வண்டி ஒவ்வொண்ணுக்கும் மாசம் 7,500 ரூபாயை வருமானமாக் காட்டலாம். வருஷத்துக்கு 90,000. உண்மையில கூடுதலாச் சம்பாதிச்சதாக் காட்டினா அந்தத் தொகை. ஆர்.சி. உங்க பேர்ல இருந்தா சட்டம் உங்களைத்தான் உரிமையாளராப் பார்க்கும். அப்போ இது உங்க சம்பளத்தோட சேரும். ஐடிஆர்-1 போட முடியாது, பொதுவா ஐடிஆர்-4 வரும்.

"பில் வாங்கிக்குங்க சார், டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்"னு கடைக்காரர் சொல்வார். அந்த முறையில போனா டயர், டீசல், தேய்மானம் எல்லாம் அந்த 7,500-க்குள்ளயே கழிஞ்சாச்சு. தனியாக் கழிக்க முடியாது. ஆனாலும் பில்லை வாங்குங்க, வாரன்டிக்கு வேணும்.

ஊருக்கு அடுத்த தடவை போறப்ப ரெண்டே வேலை. ஆர்.சி.யையும் பாலிசியையும் பக்கத்துல வெச்சு யார் பேர்ல எது இருக்குன்னு பாருங்க. அப்புறம் குனிஞ்சு அந்த நாலு டயரையும் பாருங்க. போனஸ் எங்க போகணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.